அத்தியாயம் 7: பழைய வீட்டின் மர மோல்டிங் – அளந்து, செய்து, பொருத்துவது எப்படி?

ஹைதராபாதின் ஏ.எஸ்.ராவ் நகரில் விக்டோரியா காலத்து வீடு எதுவும் இல்லை. 1967இல் தொடங்கிய இ.சி.ஐ.எல். நிறுவனத்தின் ஊழியர்களுக்காக உருவாகி, அதை நிறுவிய டாக்டர் அய்யகாரி சாம்பசிவ ராவின் பெயரைத் தாங்கிய காலனி இது. ஆனால் சைனிக்புரியைத் தாண்டிப் பொல்லாரம், திருமலகிரி பக்கம் போனால் 19ஆம் நூற்றாண்டு இன்னும் நிற்கிறது. பொல்லாரத்தின் ஹோலி டிரினிட்டி தேவாலயம் 1847இல் எழுந்தது. இன்று ராஷ்டிரபதி நிலையமாக இருக்கும் மாளிகை 1860இல் கட்டப்பட்டது. 1806இல் தோன்றிய செகந்தராபாதுக்கு மதராஸ் படைகளோடும் வியாபாரத்துக்காகவும் வந்த தமிழ்க் குடும்பங்கள் பல. அங்கே 1862இல் பள்ளியாகத் தொடங்கிய மெஹபூப் கல்லூரியை நிறுவியவர் சோமசுந்தர முதலியார். அந்தக் காலத்து வீடுகளிலும், அந்தப் பாணியைப் பின்பற்றி அடுத்த சில பத்தாண்டுகளில் கட்டிய வீடுகளிலும் தேக்கு மோல்டிங் இன்றும் மிஞ்சியிருக்கிறது.

ஏ.எஸ்.ராவ் நகரில் குடியிருந்துகொண்டு, செகந்தராபாதிலோ பொல்லாரத்திலோ தாத்தா வீட்டைக் காப்பாற்றி வருபவருக்காக இந்த அத்தியாயம். செட்டிநாட்டில் பர்மா தேக்கு வீடு உள்ளவருக்கும் முறை இதுவே.

சொல்ல வேண்டிய முதல் விதி: பழைய மோல்டிங் பட்டியே அளவுகோல். கடையில் கிடைக்கும் ரௌட்டர் (மரத்தில் வளைவு வெட்டும் மெஷின்) பிட்டுக்கு ஏற்ப வீட்டை மாற்றாதீர்கள். வீட்டில் இருக்கும் வளைவுக்கு ஏற்பக் கத்தியைச் செய்யுங்கள். மற்ற எல்லாம் இதிலிருந்து பிறப்பவை.

எது எங்கே, எதற்காக

மோல்டிங் வெறும் அழகுக்காக வைத்தது இல்லை. கதவு நிலை மரம். சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும். ஈரத்துக்கும் வெயிலுக்கும் மரம் விரியும், சுருங்கும். சுவர் அப்படி அசையாது. ஆகவே இரண்டும் சேரும் இடத்தில் வெடிப்பு வரும். அதை மூடத்தான் நிலையைச் சுற்றி ஒரு பட்டி. தரையோரம் ஓடும் அடிப்பட்டி, அதாவது ஸ்கர்ட்டிங், துடைப்பமும் ஈரத்துணியும் நாற்காலிக் காலும் சுவர்ப் பூச்சைக் கெடுக்காமல் தடுக்கிறது. கதவின் பேனலைச் சுற்றிய பீடிங், சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவே உள்ள இடைவெளியை மறைக்கிறது. சுவரும் கூரையும் சேரும் இடத்தில் கார்னிஸ்.

எது எதற்காக இருக்கிறது என்று தெரிந்தால், எங்கே கெட்டுப்போகும் என்பதும் தெரிந்துவிடும். நம் வீடுகளில் முதலில் உளுப்பது நிலைப்பட்டியின் அடிப்பகுதி. தினமும் தரை கழுவும் நீர் மரத்தின் வெட்டுமுகத்தில் ஏறி நிற்பதால் தரையிலிருந்து ஒரு அடி உயரம் வரை கெட்டிருக்கும். அதற்கு மேல் பட்டி திடமாக இருக்கும். அந்த ஒரு அடிக்காக ஏழடிப் பட்டியைக் கழற்றிப் போடுவதுதான் நடக்கும் தவறுகளில் பெரியது.

கணக்கெடுப்பு

வேலை தொடங்கும் முன் வீட்டின் தரைப்படம் ஒன்றை வரையுங்கள். ஒவ்வோர் அறைக்கும் ஓர் எழுத்து, ஒவ்வொரு கதவுக்கும் ஜன்னலுக்கும் ஓர் எண், ஒவ்வொரு பட்டிக்கும் இடம், வலம், மேல் என்ற குறி. பிறகு ஒவ்வொன்றையும் சோதியுங்கள்.

• விரல் மடக்கித் தட்டுங்கள். பொள்ளலான ஓசை வந்தால் உள்ளே கரையான் தின்றிருக்கலாம்.
• கூரான தமரூசியால் அடிப்பகுதியில் குத்துங்கள். நல்ல தேக்கு எதிர்த்து நிற்கும்; உளுத்த மரத்தில் ஊசி எளிதாக இறங்கும்.
• டார்ச் விளக்கைச் சுவரோடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்துப் புகைப்படம் எடுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத வளைவும் உளித்தடமும் நிழலில் தெரியும்.

அந்தச் சாய்வு வெளிச்சத்தில் இன்னொன்றும் புலப்படும். இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீராவி இயந்திரங்கள் மோல்டிங்கை அடி அடியாக ஒரே அச்சில் தள்ளின. நம் ஊரில் கையால் இழைக்கும் வேலை அதற்குப் பிறகும் நீண்ட காலம் தொடர்ந்தது. கை வேலையில் ஒரே பட்டியின் இரு முனைகளுக்கும்கூட நூலளவு வேறுபாடு இருக்கும். எனவே ஓர் அறையில் எடுத்த அளவை மற்ற அறைகளுக்கும் அப்படியே ஓட்டாதீர்கள்.

ஒவ்வொரு பட்டிக்கும் மூன்று தீர்ப்புகளில் ஒன்றை எழுதுங்கள்: இருக்கட்டும், ஒட்டுப்போடு, மாற்று. ‘மாற்று’ என்ற பட்டியல்தான் மூன்றிலும் சிறியதாக இருக்க வேண்டும். நீண்டதாக இருந்தால் இன்னொரு முறை சோதியுங்கள்.

கரையான் இருந்தால் முதலில் அதற்கு மருந்து. கூரை ஒழுகினால் முதலில் அதை அடைப்பது. காரணம் அப்படியே இருக்க, புது மரம் வைத்துப் பயனில்லை.

கழற்றும் முன்: பெயின்டும் அனுமதியும்

வீட்டுப் பெயின்டில் ஈயத்தின் அளவு 90 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது என்று இந்தியாவில் விதி வந்ததே 2016இல்தான். அதற்கு முன் பூசிய பெயின்ட் அடுக்குகளில் ஈயம் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். காய்ந்த பெயின்டை உப்புத்தாளாலோ மெஷினாலோ தேய்க்க வேண்டாம். தண்ணீர் தெளித்து, ஈரமாகவே சுரண்டுங்கள். கீழே பிளாஸ்டிக் விரித்து, சுரண்டியதை அன்றன்றே சுருட்டி அகற்றுங்கள். நுண்தூசியை வடிகட்டும் சுவாசக் கவசம் வேண்டும், கைக்குட்டை போதாது. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த அறைப்பக்கம் வரக் கூடாது.

அனுமதி விஷயத்தில் செகந்தராபாத் கன்டோன்மென்ட் எல்லைக்குள் இருக்கும் பங்களாக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். அங்கே பல பங்களாக்கள் ‘ஓல்டு கிரான்ட்’ முறையில் வருபவை, நிலம் அரசுடையது. எந்த வேலைக்கு அனுமதி தேவை என்று கன்டோன்மென்ட் போர்டில் எழுத்தில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். மற்ற இடங்களில் 2017ஆம் ஆண்டுத் தெலங்கானா பாரம்பரியச் சட்டத்தின் கீழ் உங்கள் கட்டடம் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கழற்றுதல்

பட்டியும் சுவரும் சேரும் கோட்டில் கூரிய கத்தியால் பெயின்டை முதலில் அறுங்கள். அறுக்காமல் நெம்பினால் சுண்ணாம்புப் பூச்சும் சேர்ந்து பெயர்ந்து வரும். தட்டையான நெம்புகோலை நுழைத்து, சுவர்ப்பக்கம் ஒரு மரச்சில்லு வைத்து, ஆணி இருக்கும் இடத்தில் மட்டும் சிறிது சிறிதாகத் தூக்குங்கள். ஆணிகள் பெரும்பாலும் செங்கல் இடுக்கில் அடித்த மர ஆப்புகளில்தான் இறங்கியிருக்கும். அந்த ஆப்புகளைக் காப்பாற்றுங்கள். புதுப் பட்டிக்கும் அவையே பிடிமானம்.

பட்டி வெளியே வந்ததும் ஆணியை முன்பக்கமாகத் தட்டி எடுக்காதீர்கள், முகம் பிளந்துவிடும். குறடால் பிடித்துப் பின்பக்கமாக இழுத்து உருவுங்கள். பின்புறத்தில் அறை எழுத்தையும் எண்ணையும் பென்சிலால் எழுதுங்கள்.

வளைவை எடுத்தல்

இந்த அத்தியாயத்தின் உயிர் இந்தப் பகுதி. இங்கே அரை மில்லிமீட்டர் தவறினால் பொருத்திய பிறகு அது சுவரில் வந்து நிற்கும்.

முதலில், வீட்டிலேயே சுத்தமான துண்டைத் தேடுங்கள். நூறு ஆண்டுப் பெயின்ட் உள்வளைவுகளை நிரப்பி, கூர்விளிம்புகளை மழுக்கிவிடும். அலமாரிக்குப் பின்னால், கை எட்டாத கதவின் மேல்பட்டியில், ஸ்டோர் ரூமில் பார்த்தால் அடுக்கு குறைவான இடம் கிடைக்கும். அங்கே இரண்டு அங்குல நீளம் மட்டும் மரம் தெரியும்வரை பெயின்டை எடுங்கள்.

வளைவைத் தாளுக்குக் கொண்டுவர நான்கு வழிகள்:

1. வெட்டுமுகம். மாற்றப்போகும் பட்டியிலிருந்து ஒரு துண்டை மூலைமட்டம் வைத்துச் சரியாக 90 பாகையில் அறுத்து, அதன் முகத்தைத் தாளில் வைத்துக் கூரிய பென்சிலால் வரையுங்கள். இதைவிடத் துல்லியமான வழி இல்லை.
2. ரம்பக் கீற்று. பட்டியைக் கழற்ற முடியாது, ஆனால் எப்படியும் மாற்றத்தான் போகிறோம் என்றால், மெல்லிய ரம்பத்தால் குறுக்கே ஒரு கீற்றுப் போட்டு, அதில் விறைப்பான அட்டையைச் செருகி வளைவை வரையுங்கள்.
3. அச்சு. மாற்றாத பட்டியின் மேல் மெல்லிய பாலித்தீன் தாளைச் சுருக்கமின்றி ஒட்டவைத்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் குழைத்து அழுத்தி, இறுகியதும் எடுத்துக் குறுக்கே அறுங்கள். எதிர் உருவம் கிடைக்கும்.
4. ஊசிச் சீப்பு போன்ற காண்டூர் கேஜ். வேகமானது, ஆனால் உள்மூலைகளை உருட்டிக் காட்டும். முதல் வரைவுக்கு மட்டும் போதும்.

கிடைத்ததைக் கிராஃப் தாளில் முழு அளவில் வரையுங்கள். பிறகு அளவுகளை அங்குலத்தில் படியுங்கள். அந்தத் தச்சர்கள் அங்குலத்திலும் அதன் எட்டில் ஒரு பங்கிலும் வேலை செய்தவர்கள். 19 மி.மீ. என்று வந்தால் அது முக்கால் அங்குலம், 6 மி.மீ.க்குச் சற்று மேல் என்றால் கால் அங்குலம். எந்தப் பின்னத்துக்கும் பொருந்தாத அளவு ஒன்று வந்தால், பெரும்பாலும் அது பெயின்டின் தடிமன். அந்த இடத்தை மறுபடி சுத்தம் செய்து அளந்து பாருங்கள்.

வரைபடத்தில் ஒவ்வோர் உறுப்பையும் பிரித்துப் பாருங்கள். கோயில் அதிட்டானத்தை நின்று பார்த்தவருக்கு இது கடினமில்லை. குமுதத்தின் உருட்டும் பத்மத்தின் இரட்டை வளைவும் நடுவே கம்பின் தட்டையான கோடும் எப்படி ஒன்றையொன்று பிரித்துக் காட்டுகின்றனவோ, ஐரோப்பிய மோல்டிங்கும் அப்படியே: வெளிவளைவு, உள்வளைவு, இரண்டும் சேர்ந்த ஓஜி, அவற்றைப் பிரிக்கும் சிறு படி. அந்தச் சிறு படிதான் கூரான நிழலைத் தருகிறது. கடை பிட்டில் அது மழுங்கியிருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. புதுப் பட்டி ‘ஏதோ சரியில்லை’ என்று தோன்றுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே.

மரம் வாங்குதல்

பழைய பட்டியின் பின்புறத்தைச் சிறிது இழைத்து முகர்ந்து பாருங்கள். தேக்கானால் எண்ணெய் வாசமும் மெழுகு போன்ற வழவழப்பும் இருக்கும். வளர்ச்சி வளையங்களைப் பாருங்கள்: காட்டில் மெதுவாக வளர்ந்த மரத்தில் அவை நெருக்கமாக இருக்கும், தோட்டத்தில் வேகமாக வளர்த்த மரத்தில் பெரும்பாலும் அகலமாக இருக்கும்.

முதல் தேர்வு, அதே வீட்டின் பழைய மரம். உடைந்த பரண் பலகை, கழற்றிப் போட்ட கதவு, எதுவும் வீண் இல்லை. இரண்டாவது, இடித்த வீட்டுச் சாமான் விற்பவரிடம் கிடைக்கும் பழைய தேக்கு. காரைக்குடியின் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய மரச்சாமான் கடைகள் வரிசையாக உண்டு. ஆனால் அங்கே வாங்கும்போது உடைந்த உத்தரம், பலகை போன்றவற்றை மட்டும் வாங்குங்கள். முழுசான செதுக்கு வேலைக் கதவை வாங்கிக் கீறிப் பட்டி செய்வது, ஒரு வீட்டைக் காக்க இன்னொரு வீட்டை அழிப்பதாகும். பழைய மரத்தை மெஷினில் விடும் முன் காந்தம் ஓட்டி ஆணிகளை எடுத்துவிடுங்கள்.

மூன்றாவது, புது மரம். குஷாயிகுடா பக்கத்து மரக்கடைகளில் விசாரித்தால் பல்லார்ஷா தேக்கும் இறக்குமதித் தேக்கும் சொல்வார்கள். பெயரை விட்டுப் பலகையைப் பாருங்கள். வெளிர்ந்த வெள்ளைப்பகுதி வேண்டாம். கரையானுக்கு முதல் உணவு அதுதான். ரேகை நேராக, வளையங்கள் முகத்துக்குக் குறுக்காக நிற்கும் பலகையாகப் பொறுக்குங்கள். வளையத்தின் போக்கில் மரம் சுருங்குவது, அதற்குக் குறுக்கே சுருங்குவதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. எனவே இப்படிப் பொறுக்கிய பலகை குறைவாகவே கோணும். ஈரப்பதம் 10 முதல் 12 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பில் இல்லாமல் தேக்கு வாங்காதீர்கள். வாங்கிய பலகையை, அது பொருத்தப்படும் அறையிலேயே இடையிடையே சட்டம் வைத்து அடுக்கி, இரண்டு மூன்று வாரம் விடுங்கள்.

எம்.டி.எஃப். பட்டி வேண்டாம். ஈரத்துணி படும் தரையோரத்தில் அது உப்பிவிடும். பி.வி.சி. பட்டி பழைய தேக்கின் பக்கத்தில் நிற்கவே நிற்காது.

செய்தல்

அளவைப் பொறுத்து மூன்று முறைகள் உண்டு.

ஓரிரண்டு அடி மட்டும் தேவையென்றால் கையாலேயே செய்யலாம். உடைந்த ஹாக்சா பிளேடை வரைபடத்தின் எதிர் உருவத்துக்கு அரத்தால் அராவி, இரண்டு மரத்துண்டுகளுக்கு இடையே இறுக்கிப் பிடித்து, பலகையின் விளிம்போடு சுரண்டிக்கொண்டே போனால் வளைவு பிறக்கும். பொறுமை வேண்டும், ஆனால் இதைவிடப் பழையதோடு ஒத்துப்போகும் முறை இல்லை. பட்டியின் அடிப்பகுதிக்கு ஒட்டுப்போட இது போதும்.

சில பட்டிகள் தேவையென்றால், மேசை ரம்பத்தால் படிகளை வெட்டி, ரௌட்டரால் வளைவின் பெரும்பகுதியை எடுத்து, கடைசி ஒரு மில்லிமீட்டரை இழைப்புளியாலும் (இங்கே தச்சர்கள் ரந்தா என்பார்கள்) சுரண்டியாலும் முடியுங்கள்.

ஒரு முழு வீட்டுக்கு என்றால் ஸ்பிண்டில் மோல்டருக்கு (சுழல்தண்டில் கத்தி பொருத்தி மோல்டிங் வெட்டும் மெஷின்) தனிக் கத்தி செய்துவிடுவதே சரி. இதில் ஏ.எஸ்.ராவ் நகர்க்காரருக்கு ஓர் அனுகூலம் உண்டு. குஷாயிகுடா, செர்லப்பள்ளி தொழிற்பேட்டைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. கருவி எஃகைத் தீட்டித் தரும் பட்டறைகளை அங்கே விசாரிக்கலாம். முழு அளவு வரைபடத்தையும் மரத்துண்டையும் இரண்டையுமே கொடுங்கள். மோல்டர் எந்த மாதிரி என்பதையும் சொல்லுங்கள். பல மோல்டர்களில் கத்தி சுழல்தண்டின் மையத்தை நோக்கி நேராக நிற்காது, சாய்ந்து நிற்கும். அப்போது கத்தியின் உருவம் பட்டியின் உருவத்தைவிட ஆழத்தில் சற்று நீண்டிருக்க வேண்டும். இதைக் கணக்கில் எடுக்காமல் வரைபடத்தை அப்படியே தீட்டினால் பட்டியின் வளைவு தட்டையாக வரும்.

எந்த முறையானாலும் அகலப் பலகையின் விளிம்பில் வளைவை எடுத்த பிறகே பட்டியை அறுத்துப் பிரியுங்கள். மெல்லிய பட்டியை மெஷினில் தள்ளுவது விரலுக்கு ஆபத்து. முதலில் ஒரு அடி மாதிரி மட்டும் எடுத்து, பழைய பட்டியோடு முனைக்கு முனை வைத்து, சாய்வு வெளிச்சம் அடித்துப் பாருங்கள். நிழற்கோடுகள் ஒன்றிலிருந்து மற்றதுக்கு உடையாமல் ஓடினால்தான் மீதியை ஓட்டச் சொல்ல வேண்டும். தேவையைவிட ஐந்தில் ஒரு பங்கு அதிகமாகச் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டும் பொருத்தமும்

நிலைப்பட்டியின் உளுத்த அடிப்பகுதிக்கு ஒட்டுப்போடும்போது குறுக்கே நேராக வெட்டாமல் சாய்வாக வெட்டுங்கள். சாய்வின் நீளம் பட்டியின் கனத்தைப் போல நான்கு மடங்காவது இருந்தால் பசை நன்றாகப் பிடிக்கும். நீர் வெளிப்பக்கம் வழியும்படி சாய்வு முன்முகத்தை நோக்கி இறங்க வேண்டும். தேக்கின் எண்ணெய் பசையைப் பிடிக்க விடாது. ஒட்டும் முகத்தை அசிட்டோனால் துடைத்து, அது காய்ந்தவுடனே ஒட்டுங்கள். அடுத்த நாளைக்குத் தள்ள வேண்டாம்.

பொருத்தும் முன் பட்டியின் பின்புறத்துக்கும், முக்கியமாக வெட்டுமுகங்களுக்கும் பிரைமரோ வார்னிஷோ பூசுங்கள். பொருத்தியபின் அந்த இடங்களுக்குத் தூரிகை போகாது. தரையோடு ஒட்டாமல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள்.

பழைய சுவரின் மூலை 90 பாகை இருக்காது. ஆகவே அடிப்பட்டியின் உள்மூலையில் இரண்டையும் 45 பாகையில் வெட்டிச் சேர்க்க வேண்டாம். வெயில் காலத்தில் வாய் பிளக்கும். ஒன்றைச் சுவர் வரை நேராக ஓடவிட்டு, மற்றதன் முனையை முதல் பட்டியின் வளைவுக்கு ஏற்பச் செதுக்கி அதன் முகத்தில் அணையுங்கள். வெளிமூலையில் உள்ள உண்மையான கோணத்தை அளந்து, அதில் பாதியை எடுத்து வெட்டுங்கள். நீளவாக்கில் இரண்டு பட்டிகளைச் சேர்க்கும் இடத்திலும் சாய்வு வெட்டே சரி.

பழைய ஆப்புகளிலேயே பித்தளைத் திருகாணி இறக்கி, தலையின் மேல் அதே மரத்தின் சிறு முளையை, ரேகை ஒத்துப்போகும்படி வைத்து அடைத்துவிடுங்கள். பெயர்ந்த சுவர்ப்பூச்சைச் சுண்ணாம்புக் கலவையால் சரிசெய்யுங்கள். சிமென்ட் ஈரத்தை உள்ளே அடைத்து மரத்தின் முதுகுக்கு அனுப்பும்.

மெருகு

பழையதில் என்ன பூச்சு இருக்கிறது என்று பார்க்கப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு மூலையில் தேயுங்கள். இளகினால் அது அரக்கு பாலிஷ். புதியதுக்கும் அதையே போடுங்கள். நிறத்துக்கு அவசரம் வேண்டாம். புதிதாக இழைத்த தேக்கு பல நிறக் கோடுகளோடு இருக்கும். வெளிச்சம் படப்பட ஒரே பொன்பழுப்புக்கு வரும். சில வாரம் அறையில் இருந்தபிறகு சாயம் தேவையா என்று முடிவு செய்யுங்கள். முதல் நாளே பழையதின் நிறத்துக்குச் சாயம் ஏற்றினால் பின்னால் வேறு நிறத்தில் வந்து நிற்கும்.

தச்சரோடு பேசிக்கொள்ள வேண்டியவை

• கூலி ரன்னிங் அடிக்கு எவ்வளவு, மாதிரித் துண்டுக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.
• மாதிரியை நீங்கள் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட பிறகே மீதி வேலை.
• கழற்றிய பழைய துண்டு எதையும் உங்களைக் கேட்காமல் வெளியே கொண்டுபோகக் கூடாது.
• தீட்டிய கத்தி உங்களுடையது. வேலை முடிந்ததும் கேட்டு வாங்குங்கள்.

மாற்றுப் பகுதி முழுமையோடு இசைந்திருக்க வேண்டும், ஆனால் பழையது என்று ஏமாற்றக் கூடாது என்கிறது 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம். அதற்கு எளிய வழி உண்டு: ஒவ்வொரு புதுப் பட்டியின் பின்புறத்திலும் செய்த ஆண்டை உளியால் கீறிவிடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். முழு அளவு வரைபடம், தீட்டிய கத்தி, பழைய மோல்டிங்கின் ஓர் அங்குலத் துண்டு ஆகிய மூன்றையும் ஒரு டப்பாவில் போட்டு, வீட்டுப் பத்திரங்களோடு வைத்துவிடுங்கள். அடுத்து இந்த வீட்டைப் பராமரிக்க வருபவர் உங்கள் பிள்ளையோ, வேறு யாரோ, அவருக்கு அளவெடுக்கும் வேலை இருக்காது.